காற்றிலே நமக்கும் ஒரு பங்கு வேண்டும்!

வன்னி மக்களுக்கு ஒரு பொது வானொலி

(கிளிநொச்சியிற் கமக்காரரும் தொழில் அறிஞரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



என் சிறுபராயத்து நினைவொன்றை முதலிற் கூறி, அதன் பின்னர் பொருளுக்கு வருகின்றேன்.

வன்னி மண்ணின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்த 1990களின் காலம் அது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குப் பெருந்தட்டுப்பாடு. வானொலிக்கு வேண்டிய மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஆயினும் வானொலி ஊமையாகி விடவில்லை. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, 'டைனமோ'விற் பிறந்த மின்சாரத்தைக் கொண்டு எம்மவர் செய்தி கேட்டனர். சுழற்றும் பணி என்னைப் போன்ற சிறுவர்களுக்கு உரியது. கை ஓய்ந்தாற் குரலும் ஓயும். "சுத்தடா தம்பி, நிப்பாட்டாதை!" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். அந்த அதட்டல் இன்றும் என் காதில் ஒலிக்கின்றது.

அவ்வாறு பாடுபட்டு நாம் கேட்ட குரல்கள் எங்கிருந்து வந்தன? இலண்டனிலிருந்து வந்தன, மணிலாவிலிருந்து வந்தன, கொழும்பிலிருந்து வந்தன. வன்னியிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. அது போர்க்காலத்தின் குரல். 2007 நவம்பர் 27ஆம் நாள் கிளிநொச்சியில் இருந்த அந்த 'புலிகளின் குரல்' நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி, பணியாளரும் மாண்டனர். அதனை யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் கண்டித்தார். போர் முடிந்தது. இலண்டன் தமிழோசையும் 2017 ஏப்பிரில் 30ஆம் நாளோடு ஓய்ந்தது. இத்தனை குரல்கள் எழுந்தும் ஓய்ந்தும் போயின. ஆனால், எமது கிணற்று நீரைப் பற்றி, எமது வயற் பூச்சியைப் பற்றி, எமது பிள்ளையின் காய்ச்சலைப் பற்றி, எமது பாட்டியின் பாட்டைப் பற்றி, இந்த மண்ணில் நின்று, இந்த மண்ணின் வாயால், நாள்தோறும் பேசுவதற்கென்று ஒரு பொது வானொலி எமக்கு வாய்த்ததா? இதுவே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா.

நூறாண்டுக் கணக்கு

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. தென்னாசியாவிலேயே முன்னோடியான ஒலிபரப்புகளுள் அது ஒன்று. 2025 டிசம்பரோடு அதற்கு நூறாண்டு நிறைந்தது. அந்த நூறாண்டிலே தமிழ் ஒலிபரப்புச் செய்த தொண்டு சிறிதன்று. 'விதானையார் வீட்டில்' என்ற தொடர், நம் வீட்டுத் திண்ணைப் பேச்சும் வானொலிக்கு உகந்த தமிழே என்று நாட்டியது. அத்தொண்டை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால், நூறாண்டாகியும் காற்று பெரும்பாலும் கொழும்பிலிருந்து வன்னிக்கு வீசியதே ஒழிய, வன்னியிலிருந்து வன்னிக்கு வீசவில்லை.

"அது இயலாத காரியம்" என்று சொல்லுவார் உளர். இயலாததா? இதே நாட்டில், 1981ஆம் ஆண்டு, மகாவலி சமுதாய வானொலி தொடங்கப்பட்டது. நீர்த்தேக்கங்களுக்காகத் தம் பழைய ஊர்களை இழந்து புதிய நிலங்களிற் குடியேறிய மக்களுக்காகவே, யுனெஸ்கோவின் துணையோடும் டென்மார்க்கு அரசின் உதவியோடும் அது நடந்தது. ஒலிபரப்பாளர்கள் கிராமங்களிற் பல நாள்கள் தங்கினர். மக்களோடு உண்டு, மக்களின் பேச்சையும் பாட்டையும் பதிவு செய்து, அவற்றையே அம்மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தனர். 1989இற் கொத்மலையில் ஒரு சமுதாய வானொலி எழுந்தது. 1990களின் இறுதியில், கேட்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி ஊர்மொழியிற் சொல்லிய அந்நிலையத்தை உலகமே வந்து பார்த்தது.

ஊரிழந்து குடியேறியவர்களுக்கு வானொலி வேண்டும் என்று 1981இல் உணர்ந்த அரசு, 2009இற் செட்டிகுளத்து முகாம்களில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்களை அடைத்து வைத்துப் பின்னர் மீள்குடியேற்றியபோது ஏன் அதனை உணரவில்லை? கூரைத்தகடு கொடுத்தார்கள், மண்வெட்டி கொடுத்தார்கள், குரலைக் கொடுத்தார்களா?

உயிர் காக்கும் செய்தி

இதனை ஆடம்பரக் கோரிக்கை என்று எவரும் எண்ண வேண்டாம். இது உயிர் காக்கும் கோரிக்கை.

2004 டிசம்பர் 26ஆம் நாளை முல்லைத்தீவுத் தாய்மார் மறக்க முடியுமா? சுமாத்திராக் கடலிற் பூமி அதிர்ந்தது. அந்த அலை நமது கிழக்குக் கரையை வந்து அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. இரண்டு மணி நேரம்! ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தே மேட்டுநிலத்தை அடையப் போதிய காலம். "கரையை விட்டு ஓடுங்கள்" என்ற மூன்று சொற்கள் அன்று காற்றில் வரவில்லை.

2018 டிசம்பர் பிற்பகுதியில் இரணைமடுவின் நீரேந்து பரப்பிற் கடுமழை பொழிந்தது. குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பல்லாயிரக்கணக்கானோர் வெள்ளத்தில் அவதியுற்றனர். கதவு எப்போது திறந்தது, எவ்வாறு திறந்தது என்று பின்னர் விசாரணை நடந்தது. விசாரணை வேண்டியதே. ஆனால், கனகராயன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மாடு கட்டியிருக்கும் கமக்காரனுக்கு வேண்டியது விசாரணை அறிக்கை அன்று. "குளத்தின் மட்டம் இத்தனை அடி, இன்று இரவு இத்தனை மணிக்குக் கதவு திறக்கும், மாட்டை மேட்டுக்குக் கொண்டு செல்லுங்கள்" என்ற முன்னறிவிப்பே அவனுக்கு வேண்டியது.

2025 நவம்பர் இறுதியிலே 'தித்வா' புயல் நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அப்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அறுந்தன. "கைக்குக் கை தொலைபேசி இருக்க வானொலி எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களுக்கு அந்த நாள்கள் விடை கூறிவிட்டன. கோபுரம் இருண்டால் கைத்தொலைபேசி வெறும் கல். இரண்டு மின்கலம் இட்ட சிறு வானொலியோ இருட்டிலும் பேசும். அன்றியும், நாற்று நடுகின்ற கை, வலை இழுக்கின்ற கை, மாவிடிக்கின்ற கை தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. காது மட்டுமே ஓய்வாக இருக்கும்.

வீட்டு வாசலிலே வைத்தியம்

இனிச் சுகாதாரம். வைத்தியர்கள் முன்னிருக்கச் சட்டத்தரணி வைத்தியம் பேசுவது பொருந்தாது. எனினும் அவர்கள் எழுத்தில் எழுதுவதை நான் மேடையிற் சொல்லுகின்றேன்.

2024 டிசம்பரில் வடக்கிலே காய்ச்சலால் அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்தபோது, 'மர்மக் காய்ச்சல்' என்று ஊர் நடுங்கியது. அது எலிக்காய்ச்சல் என்று பின்னர் தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரிற் காலிலுள்ள சிறு கீறல் வழியாகக் கிருமி புகும். வயலில் இறங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பெறலாம். காய்ச்சல் கண்டதும், "நான் வயலில் வேலை செய்பவன்" என்று வைத்தியரிடம் முதற் சொல்லாகச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு வாக்கியங்களைப் பெரும்போகம் தொடங்கும்போது பத்து நாள்கள் தொடர்ந்து ஒலிபரப்பினால் எத்தனை வீடுகளில் ஒப்பாரி நின்றுவிடும்!

பாம்புக்கடியை எடுங்கள். எட்டடி விரியன் இரவிலே, நிலத்திற் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல வேளைகளில் வலியே தெரியாது. விடியற்காலையில் இமை சோர்ந்து மூச்சுத் திணறும். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழ் மடித்து உறங்குவதே பெரும் பாதுகாப்பு. கடித்த இடத்தைக் கீறாமலும் கட்டி இறுக்காமலும் ஆசுபத்திரிக்கு விரைவதே வைத்தியம். இதைச் சொல்ல எவ்வளவு பணம் வேண்டும்?

வவுனியாவிலே கமக்காரரைத் தின்றுகொண்டிருக்கும் சிறுநீரக நோயைப் பாருங்கள். 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட அந்நோய் எல்லைக்கல் பார்த்து நிற்கவில்லை. அதன் காரணம் இன்றும் திட்டமாக நிறுவப்படவில்லை. குடிநீரா, கமத்தொழில் இரசாயனமா, கொடுவெயிலில் நீர் வற்ற உழைப்பதா என்று அறிஞர் ஆராய்ந்துகொண்டே இருக்கின்றனர். தொடக்கத்தில் அந்நோய் எவ்வித அறிகுறியும் காட்டாது. இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்தாலன்றித் தெரியாது. எந்த ஊரில், எந்த நாளில், சோதனை நடக்கின்றது என்று சொல்லும் வாய் எங்கே?

வானொலியால் இவை ஆகுமா என்று ஐயுறுவோர் தஞ்சாவூர்க் கமக்காரரைக் கேட்கட்டும். 1960களின் நடுவில் 'ஆடுதுறை 27' என்ற புதிய நெல் வந்தபோது, அதன் பயிர்முறையைத் திருச்சி வானொலி வாயிலாகக் கற்றறிந்தனர் அவர்கள். அந்த நெல்லுக்கு மக்கள் இட்ட பெயரே 'ரேடியோ நெல்'! பாம்பனிலே 2016 முதல் மீனவருக்கென்றே 'கடல் ஓசை' என்ற வானொலி ஒலித்தது. தெலுங்கானாவிலே, பஸ்தாப்பூரை அடுத்த ஊரில், 2008 முதல் தலித் பெண்கள் தாமே 'சங்கம் வானொலி'யை நடத்தி, விதையையும் சிறுதானியத்தையும் பற்றித் தம் ஊர்ப் பேச்சிலேயே பேசினர். பட்டம் பெறாத அப்பெண்கள் செய்ததை நம் பெண்கள் செய்ய மாட்டார்களா?

உணவும் பழமையும் சான்றுகளே

நம் குரக்கனும் சாமையும் வரகும் எங்கே? ஒடியற் கூழ் காய்ச்சும் பக்குவத்தை அறிந்த கைகள் இன்னும் எத்தனை? காட்டோரத்திற் பாலைப்பழம் பொறுக்கிய காலத்தையும், முசுட்டையும் தூதுவளையும் குறிஞ்சாவும் கறிச்சட்டியில் ஏறிய காலத்தையும் நம் பிள்ளைகள் அறிவார்களா? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, மூட்டையிற் கட்ட முடிந்ததை மட்டும் கொண்டு ஓடினோம். விதைநெல்லை விட்டோம், அதைப் பற்றிய அறிவையும் வழியில் விட்டோம். ஒன்றை எச்சரிக்கையாகவும் கூறுகின்றேன்: பழைய உணவெல்லாம் மருந்து என்று கூறும் பொய்வைத்தியத்துக்கு அந்த வானொலியில் இடம் இருத்தல் ஆகாது. குரக்கன் நல்லுணவு, அதற்காக நீரிழிவுக்காரர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பாட்டி பேசட்டும், பக்கத்தில் வைத்தியரும் இருக்கட்டும்.

இனி மரபுரிமை. 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பண்டாரவன்னியன் கைப்பற்றிய வரலாற்றையும், அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் கற்சிலைமடுவில் நேர்ந்த தோல்வியையும் நாம் மேடைதோறும் பேசுகின்றோம். நன்று. ஆனால், மரபு என்பது மன்னர் வரலாறு மட்டுமன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கேற்றும் முறைமையும் மரபு. சூடுமிதிக்கும் களத்திலே நெல்லை நெல் என்னாது 'பொலி' என்றே கூறும் அடக்கமும் மரபு. கோவலன் கூத்தும் மரபு. அருவிவெட்டுப் பாட்டும் மரபு. எந்த வாய்க்காலில் எந்த வயலுக்கு முதல் நீர் என்ற ஊர் வழக்கமும் மரபு.

இவ்விடத்திற் சட்டத்தரணியாக நான் ஒரு செய்தியைக் கூறவேண்டும், கூர்ந்து கேளுங்கள். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் 32ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொது உரிமையைப் பற்றியோ பொது வழக்காற்றைப் பற்றியோ, அதை அறிந்திருக்கக்கூடிய ஒருவர் கூறிய கூற்று, அவர் இறந்த பின்னரும் நீதிமன்றில் ஏற்புடையதாகலாம் என்று அப்பிரிவு கூறுகின்றது. ஆனால் ஒரு நிபந்தனை: அக்கூற்று, பிணக்கு எழுவதற்கு முன்னரே கூறப்பட்டிருத்தல் வேண்டும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டமோ, உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒலிப்பதிவையும் சான்றாக ஏற்க வழி செய்தது.

இதன் பொருள் என்ன? குருந்தூர்மலையிலும் வெடுக்குநாறிமலையிலும் வழிபாட்டுரிமைக்காக நாம் நீதிமன்றப் படியேறியபோது, "எத்தனை காலமாக?" என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடை தெரிந்த முதியோர் எத்தனை பேர் முள்ளிவாய்க்காலிலும் அதற்கு முன்னரும் பின்னரும் மறைந்தனர்! அவர்களோடு சான்றும் மறைந்தது. எல்லா ஒலிப்பதிவும் வழக்கை வெல்லும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவே இல்லாத இடத்தில் வாதிட நமக்கு என்ன உண்டு? ஆகவே, எந்தப் பிணக்கும் எழாத ஊரிலேதான், இன்றே, குளத்தையும் கோயிலையும் மேய்ச்சற்றரையையும் பற்றி முதியோர் பேசவேண்டும். நாள் குறித்து அது பதியப்படவேண்டும். வானொலிக் கதை மாலைப்பொழுதுக்குச் சுவை, நாளைக்குச் சான்று.

காற்று யாருடைய சொத்து?

சட்டம் நமக்குக் கைகொடுக்கின்றதா? கொடுக்கின்றது.

1995ஆம் ஆண்டு, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 'முறைசாராக் கல்வி' என்னும் நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியது. அந்நிகழ்ச்சியிற் கேள்வி கேட்டுப் பங்கு கொண்டுவந்த ஒரு நேயர் உயர் நீதிமன்றத்தை நாடினார். 1996இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ தீர்ப்பு அளித்தார். பங்குகொள்ளும் நேயரின் பேச்சுரிமை, அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரைப்படி, மீறப்பட்டது என்பதே அத்தீர்ப்பு. வெறுமனே கேட்பவன் வேறு. கேட்டுப் பேசிப் பங்கு கொள்பவன் வேறு என்ற வேறுபாட்டை அது தெளிவாக்கிற்று. 1997இல், ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை எதிர்த்து எழுந்த வழக்கில், ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் சபை அரசின் பிடிக்குள் இருத்தல் ஆகாது என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995இலேயே வானலைகள் பொதுச்சொத்து என்று பகர்ந்தது. பொதுச்சொத்தானால், நம்முடைய பங்கு எங்கே?

1988இன் 16ஆம் திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கில் தமிழே நிருவாக மொழி. ஆதலின் வெள்ள எச்சரிக்கையைத் தமிழில், உரிய வேளையிற் சொல்லுவது கருணையன்று, கடமை. ஆனால் 13ஆம் திருத்தத்தின் விசித்திரத்தைப் பாருங்கள்! கமமும் சுகாதாரமும் மாகாண நிரலில் உள்ளன. அவற்றைப் பற்றிப் பேசவேண்டிய ஒலிபரப்போ மத்திய அரசின் ஒதுக்கிய நிரலில் உள்ளது. உழுபவன் இங்கே, ஒலிவாங்கி அங்கே!

நம்மை நாமே கேட்போம்

கொழும்பை மட்டும் குறை கூறிவிட்டு இறங்கினால் நான் நேர்மையற்றவனாவேன். நான் ஓர் அரசியற் கட்சிக்காரன். ஒரு வானொலி கைக்கு வந்தால் அதை எங்கள் ஊதுகுழலாக்கவேண்டும் என்ற ஆசை என்னைப் போன்றவர்களுக்கே முதலில் எழும். அதை ஒளிக்காமற் சொல்லுகின்றேன். ஆகவே, அரசின் அமைச்சருக்கும் அதில் ஆட்சி வேண்டாம். எங்கள் மேடைக்கும் அதில் ஆட்சி வேண்டாம். கமக்கார அமைப்புகள், மீனவர் சங்கங்கள், மாதர் சங்கங்கள், வைத்தியர், ஆசிரியர் ஆகியோர் தேர்ந்தெடுக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளரே அதனை நடத்தவேண்டும். ஆண்டுதோறும் கணக்கைச் சந்தியில் ஒட்டவேண்டும். செட்டிகுளத்து முசுலிம் சகோதரனும், எல்லையோரத்துச் சிங்களக் கமக்காரனும், மலையகத்திலிருந்து வந்து இம்மண்ணைத் திருத்திய உழைப்பாளியும் அங்கே தம் குரலைக் கேட்கவேண்டும். நுளம்புக்கும் வெள்ளத்துக்கும் இனம் தெரியாது.

ஆதலால் நாம் கேட்பவை இவை: சமுதாய வானொலிக்கெனத் தனியான அனுமதி முறையொன்று சட்டத்தால் ஆக்கப்படவேண்டும், அது அமைச்சரின் விருப்புக்கு உட்பட்டதாய் இருத்தல் ஆகாது. வன்னியின் மாவட்டங்கள் அனைத்துக்கும் ஓர் அலைவரிசை ஒதுக்கப்படவேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் ஆகிய குளங்களின் மட்டம் மாரி காலத்தில் நாள்தோறும் அதில் அறிவிக்கப்படவேண்டும். சுகாதார, கமநல உத்தியோகத்தர் வாரம் ஒருமுறை மக்களின் கேள்விக்கு நேரே விடையளிக்கவேண்டும்.

அனுமதி வரும்வரை கைகட்டி இருப்போமா? வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் உள்ளது. குள மட்டப் பதிவையும் குடிநீர்ச் சோதனை முடிவையும் எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பம் எழுதித் தர நானும் என் தோழர்களும் உங்கள் ஊருக்கு வருகின்றோம். ஒவ்வொரு பாடசாலையிலும் பத்து மாணவர், கைத்தொலைபேசியைக் கொண்டே, ஊருக்கு ஒரு முதியவரின் பேச்சைப் பதியட்டும். பெயரும் ஊரும் நாளும் முதலிற் சொல்லப்படட்டும். அவருடைய இசைவும் பதியப்படட்டும். ஒலிபரப்ப நிலையம் இல்லையேல், சந்தை நாளில் ஒலிபெருக்கியில் கேட்போம்; கோயில் வீதியில் கேட்போம். மகாவலியில் அவர்கள் தொடங்கியதும் இவ்வாறு ஊர் நடுவிலேதான்.

நண்பர்களே! நான் சிறுவனாய் இருந்தபோது பெரியவர்கள் பிறர் குரலைக் கேட்பதற்காகச் சில்லைச் சுழற்றினேன். அன்று கேட்டவர்களிற் பலர் இன்று இல்லை. அவர்கள் அறிந்திருந்தவற்றைக் கேட்டுப் பதிய அன்று எவரும் இல்லை. இன்று இருப்பவர்களையாவது நாம் கேட்போம். இந்த மாரி தொடங்குமுன் உங்கள் வீட்டு மூத்தவரின் அருகில் அமர்ந்து, "எங்கள் குளத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அங்கே தொடங்கட்டும் வன்னி வானொலி!